இரண்டாம் ரகம்

மோபேனியில் ஒரு ஷிஃப்டுக்கு
அறுநூறு தலையணைகளின் வாயைத் தைத்து மூடுகிறேன்.
குழாயிலிருந்து பாலியெஸ்டர் பீறிட
உறை வயிறு புடைத்து எழும்;
அதன் தொண்டையைப் பிடித்து ஊசிக்குக் கொடுப்பேன்.

தையல் கோணினால் இரண்டாம் ரகம்.
வெள்ளிக்கிழமை ஆளுக்கொன்று எடுத்துப் போகலாம்.
சாட்ஸ்வொர்த்தில் எங்கள் மாடிப்படி நெடுக
எந்தக் கதவைத் தட்டினாலும்
உள்ளே ஒரு தலை
என் கோணல் தையல்மேல் கிடக்கும்.

என் மகளுக்கு மட்டும் ஒன்றும் இல்லை.

மூன்றாம் மாத ஊசிக்குப் போனபோது
சிஸ்டர் தண்டேக்கா எடையைக் குறித்துவிட்டுக் கேட்டாள்:
தொட்டிலில் என்னென்ன இருக்கு?
முயல் பொம்மை, போர்வை,
ஒரு தலையணை.
நானே தைத்தது என்றேன், கேட்காமலே.

அவள் பேனாவை மூடினாள்.
உள்ளங்கையை என் மூக்கின்மேல் வைத்தாள்,
அழுத்தவில்லை, சும்மா.
தள்ளு என்றாள்.
தள்ளினேன்.
அவளுக்கு இது இன்னும் தெரியாது என்றாள்.

அன்றிரவு தொட்டிலைக் காலி செய்தோம்.
முயலும் வெளியே.
கெட்டி மெத்தை, இழுத்துச் செருகிய விரிப்பு,
நடுவில் மல்லாந்து திலோஷினி,
தட்டில் வைத்த ஒற்றைப் பழம்.
பார்க்க ஏழ்மையாக இருந்தது.
மின்வெட்டு நேரங்களில்
அவள் மார்மேல் விரல் வைத்து
ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்ப்பேன்;
என் விரலே நடுங்கி என்னை ஏமாற்றும்.

பின்மண்டை தட்டை விழுகிறதே என்று
கீழ்வீட்டு ருக்மோணி அக்கா
கடுகு நிரப்பிய தலையணை கொண்டு வந்தாள்.
மறுக்க முடியுமா?
வாங்கிக்கொண்டு, கதவைச் சாத்தி,
பிரமிளா உறையைப் பிரித்து டப்பாவில் கொட்டினாள்.
அந்த மாதம் முழுக்க
எங்கள் ரசத்தில் அது வெடித்துக்கொண்டிருந்தது.
பிள்ளையை விழித்திருக்கும்போது குப்புறப் போட்டோம்,
பக்கத்தில் நாங்களும் குப்புற.
ஒருநாள் தலை ஜன்னல் பக்கம், மறுநாள் கதவுப் பக்கம்.
மண்டை எப்போது உருண்டது என்று
யாரும் கவனிக்கவில்லை, அக்கா உட்பட.

முதல் பிறந்தநாள் முடிந்ததும் போய்க் கேட்டேன்.
வயசு ஒண்ணாச்சே, சிஸ்டர்?
சிரித்தாள். உனக்குத் தோள் அகலம்,
சரிந்து படுத்தால் கழுத்துக்குக் கீழே பள்ளம்.
அவளுக்குத் தோள் எங்கே? தலைதானே இருக்கு!
இரண்டு வயசு ஆகட்டும்.
அவசரம் உன் தலையில், அவள் தலையில் இல்லை.

இரண்டு வயதும் சில நாளும்.
தொட்டில் போய்த் தாழ்ந்த கட்டில் வந்திருந்தது.
ஞாயிற்றுக்கிழமை மதியம் கழற்றிப் போட்ட என் ஓவராலை
இழுத்துக்கொண்டு போய், சுருட்டி,
அதன்மேல் கன்னத்தை வைத்துத் தூங்கிவிட்டாள்.
யாரும் சொல்லித் தரவில்லை.

திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில் கையாலேயே அடைத்தேன்;
அந்த அளவுக்கு இயந்திரம் இறங்காது.
இரண்டு விரல் கனம். அமுக்கினால் புதையாத இறுக்கம்.
பொத்தான் இல்லை, குஞ்சம் இல்லை, நாடா இல்லை.
இது எந்த ஆர்டர் என்று கேட்டான் சூப்பர்வைசர்.
சொன்னேன்.
அன்றைய கணக்கில் ஐந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது என்று எழுதி
ஒன்றைத் தன் கையால் கூட்டிப் போட்டான்.

இரவு அவள் தலைக்கடியில் வைத்தேன்.
கண் திறக்காமலே
தள்ளினாள்.
கீழே விழுந்தது.
மறுபடி வைத்தேன். ஒரு கை வந்தது, உறுதியாக,
மறுபடி கீழே.

பிரமிளா இருட்டில் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை,
கண்ணை மட்டும் துடைத்துக்கொண்டேன்.
தள்ளத் தெரிந்துவிட்டது.

பக்கத்தில் தரையிலேயே படுத்து
அந்தக் குட்டியை என் காதுக்கடியில் செருகினேன்.
விடியும்போது கழுத்து இசிவு.
தையல் மட்டும் நேராக இருந்தது,
முதல் ரகம்.