காலி எடை

பதினோரு வாரமாக ஐம்பத்தெட்டு கிலோ
எனக்கு முன்னால்தான் விழுகிறது.
தலைக்கு மேல் போன பிறகு,
முழங்கை பூட்டிய பிறகு,
எதையோ மறந்து வைத்துவிட்டு வந்ததுபோல
ஒரு சாண் முன்னே நகர்ந்து
ரப்பர் விரிப்பில் தொம்மென்று.

மஞ்சக்குப்பத்தில் தகரக் கூரை போட்ட கூடம்.
உப்புக்காற்று பாரைத் தின்கிறது.
தையல் மிஷின் எண்ணெய் தொட்டு
அதன் சொரசொரப்பைத் துடைப்பது
ஞாயிறுகளில் என் முறை.

"இன்னும் வெறியோட இழு" என்றார்கள்.
இழுத்தேன்.
உள்ளங்கைத் தோல் உரிந்தது,
வெறி எத்தனை கிலோ என்று யாரும் சொல்லவில்லை.

ஜைத்தூன் ஒன்றும் பேசாமல்
மெக்னீசியத் தூள் டப்பாவில் போனைச் சாய்த்துப்
பக்கவாட்டில் படமெடுத்தாள்.
மெதுவாக ஓட்டி, நிறுத்தி, ஓட்டி,
பார் போன வழியை
விரலால் திரையில் வரைந்தாள்.
பாலத்தில் நின்று பார்த்த கெடிலம் மாதிரி
வளைந்து போயிருந்தது.
கொஞ்சம் வளையலாம்தான்.
ஆனால் இது தொடையைத் தாண்டும் முன்பே
என்னை விட்டு வெளியே கிளம்பியிருந்தது.
"இங்கப் பாரு" என்றாள்,
"இடுப்பு இன்னும் வரவேயில்ல.
கை மடங்கிடுச்சு."

மறுநாள் சிப்காட் எடைமேடையில் காலை ஷிஃப்ட்.
என் வேலை கழித்தல்:
நிறை வண்டியிலிருந்து காலி வண்டி போனால் சரக்கு.
பழகிய லாரி ஒன்று ஏறி நின்றது.
போன மாதத்துக் காலி எடையைவிட
அறுபது கிலோ கூட.
இறங்கிப் போய்க் கதவைத் திறந்தேன்.
சீட்டுக்குப் பின்னால் போர்வைக்குள்
மூச்சடக்கிப் படுத்திருந்தான் கிளீனர்.
"தூங்கிட்டேங்கா" என்றான்.
எண் தூங்கவில்லை, தம்பி.

சாயங்காலம் தட்டுகளைக் கழற்றினேன்.
பச்சை, மஞ்சள், கடைசியாக அந்த ஒன்றரைக் கிலோவும்.
வெறும் பார், பதினைந்து.
ஜைத்தூன் படமெடுத்தாள்.
அதிலும் படுத்திருந்தது
என் முழங்கை.

அப்புறம் ஐந்து வாரம்.
முழங்காலில் நிறுத்தி மூன்று எண்ணுவேன்.
இரண்டில் கை துடிக்கும்.
கட்டைவிரலை மற்ற விரல்கள் அழுத்திப் பிடிக்க
நகம் கறுக்கும்.
பக்கத்து ராக்கிலிருந்து எழிற்கோ கேட்டான்:
"தொடப்பக்கட்ட வேணும்னா கொண்டாரவா?"
கொண்டுவரச் சொன்னேன்.
அதையும் தூக்கினேன்.

தோளிலிருந்து தொங்கும் கயிறுதான் கை.
கயிறு இழுக்காது,
கட்டி மட்டும் இருக்கும்.
இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு நிமிடம்,
முழங்கைக்கு முப்பத்தி நாலு நாள்.

ஒரு வியாழக்கிழமை துணி துவைக்கும்போது பார்த்தேன்:
வெள்ளை டிஷர்ட்டில், இடுப்பு மடியும் இடத்தில்
குறுக்கே ஒரு துருக்கோடு.
பார் உரசிப் போயிருக்கிறது.
இத்தனை நாள் என் சட்டைகள்
எவ்வளவு சுத்தமாக இருந்திருக்கின்றன!
சோப்புப் போடாமல் அலசிக் காயப்போட்டேன்.

நாற்பது. நாற்பத்தைந்து.
ஐம்பதில் பழைய அவசரம் எட்டிப் பார்த்தது,
இறக்கிவிட்டு மறுபடி நாற்பத்தெட்டு.
ஒரு மழை நாளில் தகரம் அதிர
ஜைத்தூன் கேட்காமலேயே
பாரில் ஐம்பத்தெட்டைப் பூட்டி வைத்திருந்தாள்.

முழங்கால். தொடை. காத்திரு.
காத்திரு.
இடுப்பு வந்தது.
பார் எங்கே போனதென்று தெரியவில்லை,
கனமே இல்லாத ஒரு கணம்,
அதற்குக் கீழே நான் உட்கார்ந்திருந்தேன்.
பிறகு அது என் தலையைத் தாண்டிப்
பின்னால் சரிய
கையை விட்டு முன்னே குதித்தேன்.
தொம்.

மழையை மீறிக் கத்தினாள் ஜைத்தூன்,
போனைத் தவறவிட்டு,
தூள் டப்பாவைக் கவிழ்த்து:
"பின்னாடிடீ! பின்னாடி விழுந்துச்சு!"

தரையெல்லாம் வெள்ளை.
நான் திரும்பி
அது கிடந்த இடத்தைப் பார்த்தேன்.
அந்தப் பக்கம்
இதுவரை நான் பெருக்கினதே இல்லை.