பத்தாம் நம்பர் லயத்துச் சுவர்

துரை பங்களாவில் மூன்று வாரம் தங்கிப்போன
அமெரிக்கக்காரன் விட்டுச்சென்ற பத்திரிகைக் கட்டு
அப்பு கைமாறி, மைதாப் பசையோடு
பத்தாம் நம்பர் லயத்தில் குளிர் மறைக்கிறது.

பொகவந்தலாவை. முப்பத்திரண்டாம் வருஷம்.
நான் ஆபீஸில் செக்ரோல் எழுதுகிறவன்.
ஹட்டன் மிஷன் பள்ளி இங்கிலீஷ், எட்டாம் வகுப்போடு சரி.

அங்கம்மா வீட்டுச் சுவரில் ஒருத்தி
காதோடு மயிரைக் கத்தரித்து
கார்மேல் சாய்ந்து சிரிக்கிறாள்.
"விஷக்காய்ச்சல் கண்டிருக்கும், பாவம்,
அதான் முடியை எடுத்திருக்காங்க."

பக்கத்துத் தாளில் வேறொரு மாதம்.
சிகாகோவில் சூப்புக்கு வரிசை.
எல்லோரும் கோட்டு, தொப்பி.
"கோட்டுப் போட்டவங்களுக்குமா பசிக்கும்?"
அவள் புருஷன் காத்தமுத்து
பெரட்டில் எண்ணுகிற மாதிரி எண்ணினான்.
முப்பதைத் தாண்டும்போது அடுப்புக்கரி வந்துவிட்டது.

கரியின் ஓரத்தில் ஒரு கவிதை.
எழுதியவன் பெயர் புகையில் போயிற்று.
ஒரு வரிக்கு மூன்று சொல், மறுவரிக்கு ஒன்று,
அப்புறம் வெறும் தாள்.
எதுகை மோனை தேடித் தோற்று
தட்டுத்தடுமாறித் தமிழில் சொன்னேன்:
மழை.
இரும்புப் பாலம்.
யாரோ
தன் பெயர் கேட்டும்
திரும்பவில்லை.

"இம்புட்டுத்தானா?" அங்கம்மா உலையைப் பார்க்கப் போனாள்.
காத்தமுத்து விளக்கைக் கிட்டக் கொண்டுவந்தான்.
இருபது வருஷக் கவ்வாத்துக்காரன்.
"முழங்கால் உசரத்துக்கு வெட்டிப்புட்டான்" என்றான்.
"சிலும்பே இல்ல. நல்ல கத்தி."

நியூயார்க்கில் என்னமோ முறிந்ததாம்.
சத்தம் இந்த மலை ஏறி வர மூன்று வருஷம்.
கொழுந்து விலை விழுந்தது,
பேருக்கு ஐந்து சதம் விழுந்தது,
செவ்வாய்க்கிழமை கண்டக்டர் ஐயா
சிவப்புப் பென்சிலை என்னிடம் தந்தார்.

தாளின் தலையில் துரை பெயர், எல்லாம் பெரிய எழுத்து.
தமிழில் பெரிய எழுத்துக் கிடையாது.
வரிவரியாய் அடித்தேன்.
இருநூற்றுப் பதினேழு, காத்தமுத்து.
இருநூற்றுப் பதினெட்டு, பெண்சாதி.
சிலும்பே இல்லை.

பத்துச்சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு
ஒன்றே ஒன்று கேட்டான்:
"கரிக்கு அடியில அந்தப் பாட்டு இருக்கா இன்னும்?"
இருக்கு என்றேன்.
எனக்கெப்படித் தெரியும்.

அவர்கள் தலைமன்னார் ரயிலுக்குப் போன மறுநாள்
பூட்டாத அந்த அறையில்
நகத்தால் கரியைச் சுரண்டினேன்.
கொஞ்சம் தாள், கொஞ்சம் சுண்ணாம்பு.
அதற்கும் கீழே
சோப்பு விளம்பரம்.
மணிக்கட்டு வரை நுரையோடு
ஒரு வெள்ளைக் கை.