நாற்பத்தெட்டாவது வாரம்

கழற்றுவதற்கு முன்பே சொல்லிவிட்டேன்,
பின்டயர் இரண்டும் மாற்ற வேண்டும் என்று.
பல் டாக்டர் விஜிலா நம்பவில்லை.
குனிந்து, கட்டைவிரலை வரிக்குள் விட்டுப் பார்த்தார்.
"நல்லாத்தானே இருக்கு, ஸ்டார்லின்?"

வெளியே நின்று பார்த்தால் நல்லாத்தான் இருக்கும்.
மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே
காலையிலிருந்து பஸ் டயரும்
ரப்பர்ஷீட் ஏற்றும் டெம்போ டயரும் உருட்டிய கைக்கு
இந்த மஞ்சள் வண்டியிடம் கொஞ்சம் கூச்சம்:
இரண்டே இருக்கை, தரையோடு தரையாய் வயிறு,
ஜாக்கி நுழையப் பலகைமேல் ஏற்ற வேண்டியிருந்தது.

தூக்கினேன். சக்கரம் அந்தரத்தில் சுற்றி நின்றது.
உள்பக்கமாய் டார்ச் அடித்தேன்.
விரலைக் கொடுங்க டாக்டர். மெல்ல.
கம்பி குத்தும்.

வளைவில் பிடித்து நிற்க வேண்டுமென்று
இந்த வண்டிக்குச் சக்கரத்தை
ஒரு நூல் உள்சாய்த்து வைத்திருப்பான்.
தேய்வதெல்லாம் உள்விளிம்பு.
ரோட்டில் போகிறவன் பார்ப்பது மற்றது.
முந்தாநாள், எடவப்பாதியின் முதல் மழையில்,
வில்லுக்குறி தாண்டி
வண்டியின் பின்பாதி தனியாக யோசித்ததாம்.
எதிரே தேங்காய் லாரி. ஒரு முழம் இடைவெளி.
சொல்லும்போது சிரித்தார், சிரித்து முடிக்கவில்லை.

"பல்லும் இப்படித்தான்" என்றார் பிறகு.
"கடைவாயில், நாக்குப் பக்கம் போகும்.
கண்ணாடிக்குத் தெரியாது."

மெஷினில் ஏற்றி ரிம்மைப் பிரிக்கும்போது
டயர் ஓரத்தில் அந்த நான்கு எண் சுற்றி வந்தது.
பார்த்ததும் உரக்கச் சொல்வது என் வழக்கம்.
4817.
சொல்லவில்லை.
அவரே படித்தார். "இது என்ன?"
பிறந்த தேதி.
பதினேழாம் வருஷம், நாற்பத்தெட்டாவது வாரம்.
விரல்விட்டு எண்ணினார். நவம்பர் கடைசி.
"ஒக்கி" என்றார்.

ஆமா.

எந்த நாட்டிலோ ஒரு அச்சு திறந்து
சூட்டோடு இதை வெளியே தள்ளிய வாரம்
குலசேகரம் பக்கம் ரப்பர் மரங்கள்
வரிசை கலையாமல் படுத்தன.
அதே வாரம் நடுக்கடலில் கிடந்த
ஒரு தூண்டில் படகில்
எட்டாவது ஆள் நான்.
ஏறவில்லை. கீழ்க்கடைவாய்ப் பல்;
தாடை வீங்கி ஒரு கண்ணை மூடிவிட்டது.
ஏழு பேரோடு போயிருந்தது.

டாக்டரிடம் பல்லை மட்டும் சொன்னேன்.
"எங்கே, வாயைத் திறங்க" என்றார்,
டயர் கடையில், நட்டநடுப் பகலில்,
என் டார்ச்சை என்னிடமே வாங்கி.
"சுத்தமாத்தான் எடுத்திருக்காங்க.
ஆனா பக்கத்துப் பல் சாய்ஞ்சு வருது.
இடம் காலியாக் கிடந்தா அப்படித்தான்."

புது டயரில் ரப்பர் மயிர் சிலிர்த்திருந்தது.
வெளிப்பக்கம் எது என்று அதிலேயே பொறித்திருக்கும்;
மாற்றி மாட்டினால் மழை காட்டிக்கொடுக்கும்.
ரிம்மில் கீறல் விழாமல் மூச்சைப் பிடித்து,
காற்று முப்பத்திநாலு,
ஓரத்தில் பதினைந்து கிராம் ஈயம்.
நட்டை டார்க் ரெஞ்சில் முறுக்கினால்
டக் என்று ஒரு சத்தம். போதும் என்று
சொல்லத் தெரிந்த கருவி
கடையில் அது ஒன்றுதான்.

"பழசை என்ன செய்வீங்க?"

தேங்காப்பட்டணம் துறைமுகத்திலிருந்து
ஜெரோபின் வருவான், படகுப் பக்கவாட்டில் கட்ட.
அகல டயர், நல்ல கெட்டி.
அங்கே உள்விளிம்பு வெளிவிளிம்பு கணக்கில்லை.
கல்லில் இடிக்கும்போது
பலகைக்கு முன்னால் அது இடிக்க வேண்டும்.

முதல் இருநூறு கிலோமீட்டர் மெதுவாப் போங்க,
புதுசும் வழுக்கும் என்றேன்.
வியாழக்கிழமை வாங்க, அந்தப் பல்லைப் பார்க்கணும் என்றார்.
கல்பாவிய முகப்பில் இறங்கும்போதே
பிரேக்கை ஒரு தடவை தொட்டுப் பார்த்தது மஞ்சள்.
பிறகு மேம்பாலத்தில் ஏறியது.

தூறல் விழுந்தது.
பழைய இரண்டையும் உள்ளே உருட்டி வைத்தேன்,
எண் சுவர்ப்பக்கம் இருக்கும்படி.