ஏறுவரிசை

பன்னிரண்டில் தொடங்கி இறங்குவேன்.
பன்னிரண்டு, பதினொன்றரை, பதினொன்று, பத்தேமுக்கால் என
ரிபெய்ரா துறைமுகத்து மீன் ஏலக்கூடத்தில்
இருபத்தாறு வருடம் விலையைக் கீழே இறக்கியவன் நான்.
'எனக்கு!' என்று எவனாவது கத்தும்வரை
மூச்சு வாங்க மாட்டேன்.
வாயில் ஈ நுழைந்தால் அதையும் விற்றுவிடுவான்
என்பான் சிப்ரான்.

பிப்ரவரியில் ஈரத் தரை வழுக்கி
படகு கட்டும் இரும்புக் குற்றியில் தலை மோதியது.
பதினோராம் நாள் கண் திறந்தபோது
பெயரெல்லாம் இருந்தன உள்ளே:
கணவாய், நெத்திலி, கானாங்கெளுத்தி,
ஒப்துலியா.
வாய்தான் வழி மறந்திருந்தது.

ரொட்டியைப் புரட்டுகிற அதே நாக்கு.
உதட்டு உப்பை நக்கத் தெரிகிறது அதற்கு.
மனைவி பெயரைச் சொல் என்றால்
எங்கே போய்ப் படுப்பதென்று தெரியாமல்
பல்லுக்குப் பின்னால் தடவிக்கொண்டு நிற்கிறது.
தொப்... ஒபுலு... ஒத்தொ...
எல்லாவற்றுக்கும் 'ம்' என்கிறாள் அவள்.

பேச்சுப் பயிற்சிக்காரி ஈரியா
வாரம் இரண்டு நாள் வருகிறாள்.
ப-த-க என்கிறாள்.
உதட்டில் ஒரு தட்டு, பல்லில் ஒன்று, தொண்டை வாசலில் ஒன்று.
குழந்தைகள் ஓடி ஏறுகிற மூன்று படி.
நான் 'த'வில் விழுகிறேன்.
மருந்துக்கடைப் பையன் குனிந்து
என்னை மோந்து பார்த்தான்,
காலை ஒன்பது மணிக்கே குடியா என்று.

எண்கள் மட்டும் விட்டுப்போகவில்லை.
ஒன்று, இரண்டு, மூன்று:
தள்ளிவிட்டால் போதும், தானாக உருளும்.
ஏறும். இறங்காது.
வீட்டு எண் கேட்டால்
ஒன்றிலிருந்து பதினேழு வரை நடந்து
அங்கே நிற்க வேண்டும்.
சில நாள் நிற்க முடியாமல்
பக்கத்து வீடுகளையெல்லாம் தாண்டிவிடுகிறேன்.

நேற்று ஒப்துலியா என்னைக் கூடத்துக்கு அழைத்துப்போனாள்.
என் மேடையில் ஒரு பலகை.
சிவப்பு எண்கள் சத்தமில்லாமல் இறங்குகின்றன.
பொத்தானை அமுக்குகிறார்கள், யாரும் கத்துவதில்லை.
சிப்ரான் தன் பொத்தானை என் உள்ளங்கையில் வைத்தான்.
நான் அமுக்கவில்லை.
வாழ்நாளெல்லாம் அடுத்தவன் வாயிலிருந்தே கேட்ட
அந்தச் சொல்லை
ஒருமுறை சொல்லிப் பார்க்க ஆசை.
ஒன்பது. எட்டரை. எட்டு.
வாயைத் திறந்தேன். நாக்கு நுனியைத் தேடினேன்.
மூடினேன்.
ஏழு.
பெட்டி வேறு யாருக்கோ போயிற்று.

அப்போதுதான் வந்தது,
ஓர் எழுத்தும் சிதையாமல்,
கூடமே திரும்பிப் பார்க்க,
கணவாயின் தாயைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தை.

ஒப்துலியா மீன்பெட்டி மேல் உட்கார்ந்து சிரித்தாள்.
பாவாடையெல்லாம் பனிக்கட்டி ஈரம்.

இரவு,
உருளைக்கிழங்கு எத்தனை உரிக்க என்கிறாள்.
ஒன்று, என்கிறேன்.
அவள் கத்தியை எடுக்கவில்லை.
இரண்டு. மூன்று.
அடுப்பில் தண்ணீர் தளதளக்கிறது.
விலைக்குக் காத்திருக்கும் வியாபாரி போல
என் வாயையே பார்க்கிறாள்.
நான்கு.
இரண்டு பேருக்கு இதுவே அதிகம்.
ஐந்து.