இடக்கை

இரவு பத்தரைக்கு மேல் ஜிம்மைத் துடைக்கிறவன் நான்.
யார் எதில் உட்கார்ந்தார்கள் என்று
ஆளைப் பார்க்காமலே சொல்வேன்.
இயந்திரத்தின் ரெக்சினில்
முதுகு அகலத்துக்கு வியர்வை படிந்திருக்கும்.
கம்பியில் அப்படியில்லை.
வெள்ளைப் பொடி, விரல் பிடித்த இரண்டு இடம்,
அவ்வளவுதான்.

எது நல்லது என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள்.
நண்டு ஆலையில் வேலை செய்யும் பஸ்தியான்
இயந்திரம் சோம்பேறிகளுக்கு என்பான்,
போன வருஷம் கால்விரலில் விழுந்த தட்டைப் பற்றிக் கேட்டால்
பேச்சை மாற்றுவான்.

யெர்கா ஆறு மாதமாக இயந்திரக் கட்சி.
இருக்கை நான்காம் துளையில், ஊசி ஏழாம் பலகையில்.
தள்ளினால் போகும், விட்டால் வரும்,
தண்டவாளத்தில் டிராம்.
இங்கேயாவது யோசிக்காமல் இருக்கிறேனே என்பாள்.

புந்தா அரேனாஸில் ஜூன் மாதம்
மாலையே இரவு.
காற்று உப்பை அள்ளிக் கண்ணாடியில் அடித்துக்கொண்டிருந்தது.
அன்று வந்தவள் இயந்திரத்தைத் தாண்டிப் போய்
கம்பிக்குக் கீழே படுத்தாள்.

முதியோர் இல்லத்தில்
ஆட்களைத் தூக்கி உட்காரவைக்கும் வேலை அவளுக்கு.
தோன் ஓஸ்ரென், எண்பத்தொரு கிலோ,
கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவே
அந்தரத்தில் இருக்கும்போது
செருப்பைத் தேடிக் குனிந்துவிட்டாராம்.
விழவில்லை.
ஆனால் அந்த ஒரு நொடி
என் இடக்கை ஊரிலேயே இல்லை என்றாள்.

பின்னால் நில், என்றாள்.
துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு நின்றேன்.
வெறும் கம்பி, இருபது கிலோ,
ஒரு தட்டுகூட மாட்டவில்லை.
வலப்பக்கம் ஏறிவிட்டது.
இடப்பக்கம் நடுங்கி, நின்று,
கடன் கேட்க வந்தவன்போல் மெல்ல மெல்ல வந்தது.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
நெஞ்சுக்கு மேல் கம்பி இருக்கையில்
சிரிக்கக் கூடாதென்று எனக்கே தெரியும்.
பிடித்துக்கொண்டேன்.

இத்தனை நாளும் இரண்டுக்கும்
ஒரே சம்பளம் கொடுத்திருக்கிறேன்,
வேலை பார்த்தது ஒன்றுதான், என்றாள்.

சதுக்கத்தின் மூலையில் கயிறு கட்டியிருந்தார்கள்,
காற்று மிஞ்சும் நாளில்
ஜனங்கள் பிடித்துக்கொண்டு நடப்பதற்கு.
அவள் அதைத் தொடாமல் போவாள் என்று நினைத்தேன்,
கதை எழுதத் தெரிந்திருந்தால் அப்படித்தான் எழுதியிருப்பேன்.
பிடித்துக்கொண்டுதான் போனாள்,
இடக்கையால்.

மறுநாள் இரவு இயந்திரத்தில்
ஊசி இரண்டாம் பலகைக்கு இறங்கியிருந்தது.
இடது கைப்பிடி மட்டும் ஈரம்.
துடைத்தேன்.
வலதையும் துடைத்தேன்,
பழக்கம்.