மௌனம், பதினொரு வினாடி

விசாரணைக் குழுவுக்குத் தட்டச்சு செய்வது என் வேலை.
டர்பன் துறைமுகம், மூன்றாவது மாடி.
சன்னலைத் திறந்தால் சர்க்கரைக் கிடங்கின் புளித்த நெடி,
மூடினால் ஒன்பது பேரின் மூச்சு.

ஒலிப்பதிவில் முதலில் எல்லாரும் பேசுகிறார்கள்.
பிறகு விளக்கு போகிறது.
விளக்கு போவது காதில் கேட்குமா என்றால், கேட்கும்:
விசிறிகள் ஒவ்வொன்றாகச் சோர்ந்து நிற்கிற சத்தம்.
கப்பல் தலைவர் தன் மொழியில் ஒரு வசவு.
பிறகு ஒன்றுமில்லை,
பதினொரு வினாடிக்கு.

இருநூற்றெண்பது மீட்டர் கப்பல்
வாய்க்காலுக்குள் பாதி நுழைந்தபடி,
இயந்திரம் செத்து, சுக்கான் திரும்பிய இடத்திலேயே உறைந்து,
தெற்குக் காற்று இடது தோளைப் பிடித்துத் தள்ள.

"கேப்டன் கோகிலம் வீரசாமி,
பைலட் நீங்கள்தான்.
அந்த நேரம் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?"

தண்ணீர் குடித்தாள்.
"முதல் மூன்று வினாடி பயந்தேன்."
அப்படியே அடித்தேன்.

"அப்புறம், தெரிந்தது எது என்று பார்த்தேன்.
வேகம் ஏழு நாட்.
பின்னால் லுங்கிசாவின் இழுவைப்படகு கட்டியிருக்கிறது,
முன்னால் வந்தது இன்னும் கயிறு வாங்கவில்லை.
வடக்குச் சுவர்மேல் தூண்டில்காரர்கள்,
ஒருவருக்கு மஞ்சள் மழைச்சட்டை.
இயந்திரம் எப்போது திரும்பும்? தெரியாது.
கீழே இருக்கிற பொறியாளருக்கும் தெரியாது.
தெரியாததைச் சொல்லச் சொல்லி
அவரைத் தொலைபேசியில் நிறுத்திவைக்க வேண்டாம் என்று விட்டேன்.
முதல் முடிவு அது. அதற்குச் சத்தமில்லை."

"பிறகு?"

"அணியத்தில் ஒரு ஆள். ரெனாட்டோ.
இந்த வேகத்தில் நங்கூரத்தை விட்டால்
சங்கிலி துருவும் தீப்பொறியுமாய்ப் பறக்கும்.
அறுந்தால் அவனுக்குக் கால் இருக்காது.
விடாவிட்டால் மஞ்சள் சட்டை."

நிறுத்தினாள். குழுவில் யாரோ பேனா மூடியைக் கடித்தார்.

"தராசில் வைத்தீர்களா என்று கேட்பீர்கள். இல்லை.
தராசு ஆடி நிற்க நேரம் வேண்டும்.
ரெனாட்டோ கையில் ரேடியோ இருந்தது, ஓடத் தெரிந்தவன்.
தூண்டில்காரருக்கு முதுகு எங்கள் பக்கம்."

அடுத்து ஒலிப்பதிவில் அவள் குரல்,
கடையில் கால் கிலோ வெண்டைக்காய் கேட்பதுபோல:
இரண்டு நங்கூரத்தையும் விடு. விட்டதும் ஓடு.
லுங்கிசா, முழு பலத்தில் பின்னால் இழு.
அதற்குமேல் இரும்பின் அலறல்.
என் காதில் இன்னும் இருக்கிறது அது.

கப்பல் நின்றது, சுவருக்குப் பதினான்கு மீட்டர் இப்பால்.
ரெனாட்டோவுக்கு முழங்காலில் சிராய்ப்பு.

கம்பெனி வக்கீல் ஒரு தாளை நீட்டினார்:
நாற்பதாவது வினாடியில் இயந்திரம் வந்துவிட்டது.
காத்திருந்தால்
இரண்டு நங்கூரம், சங்கிலி, இத்தனை லட்சம் ராண்ட்
மிஞ்சியிருக்கும்.

"நாற்பதாவது வினாடி
பதினொன்றாவதில் எனக்குத் தெரியாது."

"அப்படியானால் அதிர்ஷ்டம் என்று குறித்துக்கொள்ளலாமா?"

"பதினான்கு மீட்டர் அதிர்ஷ்டம். குறித்துக்கொள்ளுங்கள்.
நங்கூரம் அதிர்ஷ்டமில்லை."

தேநீர் இடைவேளையில்
என் பெயரட்டையைப் படித்துவிட்டு அருகில் வந்தாள்.
சாட்ஸ்வொர்த்தில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு,
எண்கள் பத்து வரை சொல்லிக்கொடுத்தார்களாம்.
பதினொன்று வரவேண்டிய வாரம்
நீச்சலுக்குப் போய்விட்டாளாம்.
"மனசுக்குள் அதைத்தான் எண்ணினேன்.
பத்துக்கு மேல் எனக்கு எண் கிடையாது,
பேசித்தான் ஆகவேண்டும்."
சிரித்தாள். கோப்பை தட்டில் லேசாக ஆடியது.
அது ஆடுவதை அவளும் பார்த்தாள்.

மாலையில் எல்லாரும் போன பிறகு
ஹெட்ஃபோனை மாட்டி, ஒலியைக் கூட்டி,
அந்த இடத்தை மறுபடி ஓட்டினேன்.
காற்று. எங்கோ ஒரு கதவு.
ஆறு, ஏழு.
தொலைபேசி ஒருமுறை அடித்து, யாரும் எடுக்காமல் அடங்குகிறது.
எட்டு, ஒன்பது, பத்து.
பிறகு, மிகச் சின்னதாய்,
ஒட்டியிருந்த உதடு பிரிகிற சத்தம்.

படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
மௌனம் என்று அடித்துவிட்டு
விளக்கை அணைத்தேன்.