எடை

நூற்றிருபது பேர் என்று
தகரத்தில் எழுதியிருக்கிறது.
ஆட்ட நாளில் அதன் மேல்
எவனாவது ஈரச் சட்டையைக் காயப்போட்டிருப்பான்.

பூதத்தீவுப் படித்துறையில்
ஒரு மணிக்கே மஞ்சள் கொடிகள்.
ஒரு முரசு, நாலு சைக்கிள்,
மொய்ங்கா விற்கிறவளின் அவித்த முட்டைக் கூடை.
தனக்கா பூசிய கன்னங்களில்
குழுவின் நிறத்தில் மேலும் ஒரு கோடு.
"ஏ கலா, கயிற்றை அவிழ்"
என்கிறான் பள்ளிக்கூடம் போகிற பொடியன்.
கலா என் பெயரல்ல, என் நிறம்.
பெயர் தவசியாண்டி.
கயிறு என் கையில் இருந்ததால்
கொஞ்ச நேரம் அவிழ்க்காமல் நின்றேன்.

சால்வீன் அன்றைக்குப்
பால் தூக்கலாய் ஊற்றிய தேநீர்.
ஆட்டம் எப்போது முடியவேண்டுமென்று
நடுவரிடம் யாரும் கேட்பதில்லை.
சராங்கு ஊ போ சேன்
முளைக்கம்பில் ஏறும் ஈரத்தைப் பார்த்துச் சொல்வார்:
ஐந்தரை. அதற்குமேல் மணல்திட்டு.

மோல்மீன் மைதானத்துக்கு
மூன்று பக்கம்தான் படிக்கட்டு.
நாலாவது பக்கம் ஆறு.
வளைவு திரும்பியதும்
படகிலிருந்தே ஒரு கோல்கம்பம் தெரியும்,
வெள்ளையாய், வலையோடு, ஆளில்லாமல்.
அவ்வளவுதான்.
அத்தனை கால்களும் வலது பக்கம் ஓடும்.

படகு சாய்வது
முதலில் முட்டைக் கூடைக்குத் தெரியும்.
அப்புறம் எனக்கு.
பர்மியில் கத்துவேன், மோனில் கத்துவேன்,
கடைசியில் தமிழில்
(பயம் எனக்குத் தமிழில்தான் வருகிறது):
"பாதிப் பேர் இந்தப் பக்கம் வாங்கடா!
பாதிப் பேர் பார்க்காதீங்கடா!"

யார் அந்தப் பாதி?
பதினோரு வருடமாய்
எல்லாரும் ஓடுகிற பக்கத்துக்கு
எதிர்ப்பக்கம் என் இடம்.
போகும்போது இடது ஓரம், திரும்பும்போது வலது.
என் எடை ஐம்பத்தாறு கிலோ.
அந்தக் கம்பத்தை
ஒருமுறையும் சரியாய்ப் பார்த்ததில்லை.

ஆட்டம் எனக்குச் சத்தம்தான்.
நீளமாய் இழுத்த பெருமூச்சென்றால் கம்பத்தில் பட்டிருக்கிறது.
முரசு நின்றால் எதிரணி கோல்.
மற்றபடி டீசல் வாடை,
வாயில் வெற்றிலை, சராங்கின் குறட்டை.

ஐந்தேகாலுக்கு
வானத்திலிருந்து பந்து வந்தது.
சுவரைத் தாண்டி, ஆற்றில் விழுந்து,
வற்றுகிற நீரோடு நேராய் என்னிடம்.
கொக்கியால் இழுத்தேன். நினைத்ததைவிடக் கனம்.
தண்ணீர் சொட்டச் சொட்ட
மொத்த ஆட்டமும் என் மடியில்.

சுவர் மேல் தலைகள் முளைத்தன.
"கலா! போடு!" "அண்ணே, போடு!"
(காரியம் ஆகவேண்டுமென்றால் உறவு வந்துவிடுகிறது.)
சராங்கு கண்ணைத் திறந்து
முளைக்கம்பைக் காட்டினார்,
பிறகு பந்தைக் காட்டி
வைத்துக்கொள் என்பதுபோல் தலையசைத்தார்.
ஒன்றுக்கு ஒன்று,
இன்னும் ஆறு நிமிடம், கத்தினான் ஒருவன்.
முளைக்கம்பில் ஒரு சாண் குறைந்திருந்தது.

போட்டேன்.
கயிறு வீசுகிற கை,
சுவரைத் தாண்டிப் போனது.

எங்கே விழுந்தது, யார் எடுத்தார்கள், தெரியாது.
கொஞ்ச நேரத்தில் முரசு நின்றது.

திரும்பும்போது யாரும் தள்ளிக்கொள்ளவில்லை.
பலகையில் வரிசையாய் ஏறினார்கள்,
சாவு வீட்டுக்கு வந்தவர்கள் போல.
பொடியன் முட்டையை உரித்துத் தின்னாமல் வைத்திருந்தான்.
மணல்திட்டு அடியில் ஒருமுறை உரசியது.
யாரும் கத்தவில்லை.

வளைவு வந்தது.
ஒருவரும் எழவில்லை.
கம்பத்துக்கு முதுகைக் காட்டி
எல்லாரும் அவரவர் இடத்தில்.
படகு இப்படி நேராய்ப் போய் நான் பார்த்ததில்லை.

வலது ஓரத்தை விட்டு
இடது பக்கம் நடந்து போனேன்.
இருட்டத் தொடங்கியிருந்தது.
கம்பம் நான் நினைத்ததைவிடச் சின்னது.
ஏணியில் ஒருவன் நின்று
வலையைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

படகு சாயவில்லை.
ஐம்பத்தாறு கிலோவுக்கு
அது சாயாது.